பதவி உயர்வு மறுக்கப்பட்டவர் காட்டிய இரும்பு மலை
பிரமதநாத் போஸ் வாழ்க்கை

டாடா என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர்கள் இங்கே குறைவு. அந்தப் பெயரோடு சேர்ந்து ஜாம்செட்பூர் எஃகு ஆலையும் பலருக்குத் தெரியும். அந்த ஆலைக்கு வேண்டிய இரும்புத் தாது எந்த மலையில் கிடக்கிறது என்று கடிதம் எழுதிச் சொன்னவரின் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

அவர் பிரமதநாத் போஸ். 23 ஆண்டுகள் அரசாங்க வேலை பார்த்தவர். தமக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வேலைக்கு வந்தவர் தமக்கு மேலதிகாரியாக நியமிக்கப்பட்டபோது, 48ஆவது வயதில் வேலையை விட்டு வெளியேறியவர். அவர் வெளியேறிய சில மாதங்களில் நடந்த ஒரு கண்டுபிடிப்புதான் இந்தியாவின் தொழில் வரலாற்றைத் திருப்பி விட்டது.

கிராமத்துப் பையன் லண்டனுக்குப் போன கதை

வங்காளத்தில் கோபர்தங்கா என்ற ஊருக்கு அருகில் உள்ள கைப்பூர் கிராமத்தில் 1855ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் பிரமதநாத் பிறந்தார். கிருஷ்ணநகரிலும் பின்னர் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியிலும் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். 1874ஆம் ஆண்டு கில்கிறைஸ்ட் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அன்றைய இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே கிடைத்த வாய்ப்பு அது. கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

இந்தியாவிலிருந்து மேல்படிப்புக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சட்டம் படித்தார்கள், அல்லது ஐ.சி.எஸ். தேர்வு எழுதினார்கள். பிரமதநாத் கல்லையும் மண்ணையும் படிக்கப் புறப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றபின் அரசுச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார்.

1880ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்காக ஆங்கிலேய அரசு 1851ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கிய துறை அது. அதற்கு முன்பும் சில இந்தியர்கள் அங்கே உதவியாளர் நிலையில் பணியாற்றினார்கள். உயர்நிலை அதிகாரியாக நேரடி நியமனம் பெற்ற முதல் இந்தியர் பிரமதநாத் போஸ் தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1882ஆம் ஆண்டு, கமலாவை மணந்தார். கமலாவின் தந்தை ரமேஷ் சந்திர தத். ஐ.சி.எஸ். அதிகாரியான இவர், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் செல்வம் எப்படி வெளியேறியது என்பதைக் கணக்குப் போட்டு நூல் எழுதியவர். மாமனார் ஏட்டில் எழுதிக் காட்டிய நாட்டின் வறுமையை மருமகன் காடு மேடெல்லாம் நடந்து கண்ணால் கண்டார்.

நடந்து நடந்து வரைந்த வரைபடம்

புவியியல் அதிகாரியின் வேலை பெரும்பகுதி கால்நடையாகவே நடக்கும். மழைக்காலத்தில் கல்கத்தாவில் இருந்து அறிக்கை எழுதுவார்கள். மழை ஓய்ந்ததும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் புறப்படுவார்கள். கையில் ஒரு சுத்தியல், ஒரு திசைகாட்டி, ஒரு குறிப்பேடு. பாறையைத் தட்டி உடைத்துப் பார்ப்பது, அது எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்று அளப்பது, அதை வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் குறிப்பது. இப்படியே ஆண்டுக்கணக்காகப் போகும்.

பிரமதநாத் நர்மதைப் பள்ளத்தாக்கிலும், மத்திய மாகாணத்துக் காடுகளிலும், டார்ஜிலிங், சிக்கிம், அசாம் மலைகளிலும் நடந்தார். பர்மாவின் தெனாசரிம் பகுதிக்கும் போனார். அந்தத் தெனாசரிமில் தொடங்கி, தாய்லாந்து வழியாக நம் பேராக் வரையிலும், அதற்கும் தெற்கே பங்கா, பெலிதோங் தீவுகள் வரையிலும் போகும் நீண்ட பாறைப் பட்டையில்தான் உலகப் புகழ்பெற்ற ஈயம் கிடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1880களில் மத்திய மாகாணத்தின் ராய்ப்பூர் மாவட்டத்து மேற்குப் பகுதியில் அவர் ஆய்வு செய்தார். அங்கே தல்லி, ராஜ்ஹரா என்ற மலைகளில் இரும்புத் தாது மண்டிக் கிடப்பதைக் கண்டார். அந்த வட்டாரத்து மக்கள் சிறிய களிமண் உலைகளில் மரக்கரி போட்டு இரும்பு உருக்கி வந்ததையும் பார்த்தார். அந்த இரும்புத் தொழிலைப் பற்றி 1887ஆம் ஆண்டு துறையின் ஏட்டில் கட்டுரை எழுதினார்.

வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்கு மலை புதியது. அங்கே உலை ஊதியவர்களுக்கு அது பாட்டன் காலத்து அறிவு. புவியியல் அதிகாரிகளின் பல கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இப்படிப் பெயர் தெரியாத மலைவாழ் மக்களின் அறிவும் இருக்கிறது.

கல் எப்போது தாதுவாகிறது?

இந்த இடத்தில் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. இரும்பு இல்லாத மண் கிடையாது. நம் தோட்டப்புறங்களில் வேட்டியில் பட்டால் போகாமல் ஒட்டிக்கொள்ளும் செம்மண்ணின் சிவப்பு நிறமே இரும்புத் துருதான். பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறையை எடுத்தால் சராசரியாக 50 கிலோ இரும்பு இருக்கும். அதே ஒரு டன்னில் செம்பு 50, 60 கிராம்தான் இருக்கும். தங்கமோ ஆயிரம் டன் பாறையைச் சலித்தாலும் மூன்று நான்கு கிராம் கிடைத்தால் அதிகம்.

இப்படிப் பரவிக் கிடப்பதை எடுத்து உருக்கினால் கட்டுப்படியாகாது. ஏதாவது ஓர் இயற்கைச் செயல் அந்த உலோகத்தை ஓரிடத்தில் கொண்டுவந்து குவித்திருக்க வேண்டும். இரும்பு 12 மடங்கு குவிந்தால் நல்ல தாது. செம்பு 200 மடங்கு அளவுக்குக் குவிய வேண்டும். தங்கம் ஆயிரம் மடங்குக்கு மேல் குவிய வேண்டும். அப்படிக் குவிந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பிரமதநாத் போன்றவர்களின் வேலை.

இரும்பு குவிந்த கதை மிகப் பழையது. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் பிராண வாயு இல்லை. கடல் நீரில் இரும்பு சர்க்கரை போலக் கரைந்து கிடந்தது. பிறகு கடலில் தோன்றிய கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பிராண வாயுவை வெளியிடத் தொடங்கின. அந்த வாயு பட்டதும் நீரிலிருந்த இரும்பு துருவாகி அடியில் படிந்தது. அதன்மேல் மணற்சத்து படிந்தது. மறுபடியும் இரும்பு, மறுபடியும் மணற்சத்து. இப்படி அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் பாறையாகி, பின்னர் மலையாக எழுந்தது. அந்தப் பாறையை வெட்டிப் பார்த்தால் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட சேலைக்கரை போல இருக்கும்.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. கோடிக்கணக்கான ஆண்டு மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கி, இடையில் இருந்த மணற்சத்தை மெல்ல மெல்லக் கரைத்துக் கொண்டு போயிற்று. எஞ்சியது நூற்றுக்கு 60 பங்குக்கும் மேல் இரும்பு உள்ள கனமான தாது. தல்லி, ராஜ்ஹரா மலைகளும், ஒடிசா, சிங்பூம் பகுதி மலைகளும் இப்படி உருவானவையே.

காட்டில் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மெருகு ஏற்றாத வெள்ளைப் பீங்கான் துண்டில் கல்லை உரைத்துப் பார்ப்பது. வெளியே கறுப்பாகத் தெரிந்தாலும் உரைத்தால் செந்நிறக் கோடு விழுந்தால் அது ஹேமடைட். கறுப்புக் கோடு விழுந்து, திசைகாட்டி முள்ளையும் இழுத்தால் அது காந்தக் கல். நம் பொற்கொல்லர் தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் ஏறக்குறைய இதே பாடம்தான்.

ஒரே வட்டாரத்தில் மூன்று உலோகங்கள்

பின்னாளில் பிரமதநாத்துக்குப் புகழ் தேடித் தந்த வட்டாரம் இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா மாநில எல்லையில் இருக்கிறது. இரும்பு, செம்பு, தங்கம் மூன்றும் அங்கே கிடைப்பது அதன் சிறப்பு. மூன்றும் வந்த வழி வேறு வேறு.

இரும்பு கடலடியில் படிந்து வந்தது. செம்பு அப்படி வரவில்லை. சிங்பூம் பகுதியில் பூமியின் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று தள்ளப்பட்டு நசுங்கிய நீண்ட வெடிப்புப் பட்டை ஒன்று வில் போல வளைந்து கிடக்கிறது. ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த வெடிப்புகளின் வழியே ஏறி வந்தது. சூடு தணிந்தபோது, நீரில் கரைந்திருந்த செம்பு கந்தகத்தோடு சேர்ந்து வெடிப்புகளில் படிந்தது. மேலே தெரியும் பாறையில், செம்புக் குடத்தில் களிம்பு ஏறினாற்போலப் பச்சைக் கறை படிந்திருக்கும். பழங்கால மக்கள் அந்தப் பச்சையைப் பார்த்தே தோண்டினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பழைய குழிகளும் உருக்கிய கசடும் அங்கே காணக் கிடைத்தன.

தங்கம் மூன்றாவது வழியில் வந்தது. பாறை வெடிப்புகளில் வெண்கல் நரம்புகளோடு சேர்ந்திருந்த தங்கத் துகள்கள், பாறை தேய்ந்தபோது ஆற்றில் விழுந்தன. தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம். வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போகும்போது தங்கம் அடியில் தங்கிவிடும். அங்கே ஓடும் ஆற்றுக்குச் சுபர்ணரேகா என்று பெயர். பொற்கோடு என்று பொருள். ஆற்றோரத்து மக்கள் மரத் தட்டில் மணலை அலம்பிப் பொட்டுப் பொட்டாகத் தங்கம் எடுத்து வந்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள் டூலாங் தட்டில் ஈயம் அலம்பியதும் இதே கனத்தின் கணக்கை வைத்துத்தான்.

மூன்றில் தங்கத்தின் பெயர்தான் ஆற்றுக்குக் கிடைத்தது. அந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது இரும்பு.

1903ஆம் ஆண்டு வந்த இடி

பிரமதநாத் துறையில் 23 ஆண்டுகள் பணியாற்றி முடித்திருந்தார். 1903ஆம் ஆண்டு துறையின் இயக்குநர் பதவி காலியானது. அதற்கு நியமிக்கப்பட்டவர் தாமஸ் ஹாலண்ட். அவர் 1890ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தவர். பிரமதநாத்தைவிட வயதிலும் 13 ஆண்டுகள் இளையவர்.

ஹாலண்ட் திறமை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. சென்னை பரங்கிமலையின் பாறையை ஆராய்ந்து, கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே வகை என்பதால் அதற்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தவர் அவர். இன்றைக்கும் உலகம் முழுவதும் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள்.

என்றாலும், பணி மூப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆட்சி ஆங்கிலேயருடையது. இந்தியர் ஒருவரை ஒரு துறைக்கே தலைவராக வைக்க அன்றைய அரசுக்கு மனம் வரவில்லை. எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது என்ற நிலை அன்றைய அரசாங்கப் பணியில் இருந்த எல்லா இந்தியர்களுக்கும் பொதுவானது. கிராணியாக எத்தனை காலம் இருந்தாலும் துரையாக முடியாத அந்தக் காலத்துத் தோட்டங்களை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பிரமதநாத் சத்தம் போடவில்லை. இளையவருக்குக் கீழே கைகட்டி நிற்கவும் இல்லை. விலகிக் கொண்டார்.

மயூர்பஞ்சில் கிடைத்த மலை

ஒடிசாவின் மயூர்பஞ்ச் அப்போது ஒரு சமஸ்தானம். அதன் மன்னர் ஸ்ரீராம் சந்திர பஞ்ச தேவ், தம் நாட்டில் என்னென்ன கனிமங்கள் உள்ளன என்று பார்த்துச் சொல்லும்படி பிரமதநாத்தை அழைத்தார். அவரும் சமஸ்தானப் புவியியலாளராகப் பொறுப்பேற்றார். மறுபடியும் காடு, மறுபடியும் கூடாரம்.

அங்கேதான் கொருமகிசானி மலையை அவர் கண்டார். மலையே தாதுவாக நின்றது. இரும்புச் சத்து மிகுதி. தோண்ட வேண்டிய ஆழமும் குறைவு.

இன்னொரு செய்தியையும் அவர் சேர்த்துப் பார்த்தார். இரும்பு மட்டும் இருந்தால் ஆலை நடக்காது. தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க நல்ல நிலக்கரி வேண்டும். கசடை இளக்கிப் பிரிக்கச் சுண்ணாம்புக் கல் வகை வேண்டும். தண்ணீர் வேண்டும். சரக்கை ஏற்றிப் போக ரயில் பாதை வேண்டும். கொருமகிசானிக்கு ஜரியா நிலக்கரி வயல் எட்டும் தூரத்தில் இருந்தது. வங்காள நாக்பூர் ரயில் பாதையும் அருகில் போயிற்று. துறைமுகமான கல்கத்தாவும் அதிகத் தொலைவில் இல்லை.

இதே காலத்தில் பம்பாயில் ஒரு முதியவர் இருபது ஆண்டுகளாக இரும்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஜம்ஷெட்ஜி டாடாதான் அவர். மத்திய மாகாணத்தின் சாந்தா மாவட்டத்து இரும்பைப் பற்றி ஜெர்மன் நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கையை 1882ஆம் ஆண்டு படித்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. அரசாங்கத்தின் சுரங்க விதிகள் நெருக்கின. நல்ல நிலக்கரியும் கிடைக்கவில்லை. 1899ஆம் ஆண்டு விதிகள் தளர்ந்த பிறகு அவர் மீண்டும் முயன்றார். அமெரிக்கா போய் நிபுணர்களைச் சந்தித்தார். அப்படி வந்தவர்கள்தான் சார்ல்ஸ் பெரினும் அவருடைய கூட்டாளி வெல்டும். வெல்ட் சாந்தா காடுகளில் அலைந்து பார்த்துவிட்டு, ஆலை வைக்கும் அளவுக்குத் தாது அங்கே இல்லை என்று கைவிரித்தார்.

1904ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24ஆம் நாள் பிரமதநாத் போஸ் ஜம்ஷெட்ஜிக்குக் கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் உயர்ந்த இரும்புத் தாது கிடைப்பதையும், ஜரியா நிலக்கரி பக்கத்தில் இருப்பதையும் அதில் தெரிவித்தார்.

அந்தக் கடிதத்தின் பலனைப் பார்க்க ஜம்ஷெட்ஜி உயிரோடு இருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அவர் ஜெர்மனியில் காலமானார்.

மகனின் கையில் ஒரு வரைபடம்

தந்தையின் கனவை மூத்த மகன் டொராப்ஜி கையில் எடுத்தார். அவரை இரும்பு மலைக்கு அழைத்துச் சென்றதும் பிரமதநாத்தின் உழைப்புதான், அதுவும் இரண்டு முறை.

சாந்தாவில் தோல்வி என்றானதும், அதைத் தெரிவிக்க டொராப்ஜி நாக்பூரில் அதிகாரியைப் பார்க்கப் போயிருந்தார். அதிகாரி வெளியே போயிருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொழுது போகாமல் எதிரில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அங்கே மாட்டியிருந்த புவியியல் வரைபடத்தில் ஒரு பகுதி இரும்புக்குரிய வண்ணம் அடர்த்தியாகத் தீட்டப்பட்டிருந்தது. அது பிரமதநாத் 1880களில் நடந்து பார்த்த தல்லி, ராஜ்ஹரா பகுதி. டொராப்ஜியும் வெல்டும் உடனே அங்கே போனார்கள். தாது மலையாகக் குவிந்திருந்தது உண்மைதான். ஆனால் ஆலை நடத்தப் போதிய நீரும் நிலக்கரியும் அருகில் இல்லை.

அடுத்து அவர்கள் பிரமதநாத்தின் கடிதம் காட்டிய மயூர்பஞ்சுக்குத் திரும்பினார்கள். கொருமகிசானியைக் கண்டதும் தேடல் முடிந்தது. மயூர்பஞ்ச் மன்னரும் இணக்கமான நிபந்தனைகளில் சுரங்க உரிமை வழங்கினார்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டாடா இரும்பு எஃகு நிறுவனம் பதிவானது. முதலீட்டுக்காக முதலில் லண்டன் பணச் சந்தையைத்தான் நாடினார்கள். அது கைகொடுக்கவில்லை. பிறகு இந்திய மக்களிடமே பங்கு கேட்டார்கள். சுதேசி உணர்வு கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. மூன்று வாரத்தில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் பணம் கட்டி முழுத் தொகையையும் நிரப்பினார்கள்.

சுபர்ணரேகாவும் கர்காய் ஆறும் கூடும் இடத்தில் சாக்சி என்ற கிராமம் ஆலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் இரும்பும், 1912ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16ஆம் நாள் முதல் எஃகும் வார்க்கப்பட்டன. அதே ஆண்டு அந்த ஆலையில் எட்டு மணி நேர வேலை முறை நடைமுறைக்கு வந்தது. முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்குப் போன தண்டவாளங்கள் இந்த ஆலையில் உருவானவை. போர் முடிந்ததும், 1919ஆம் ஆண்டு, வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து சாக்சிக்கு ஜாம்செட்பூர் என்று பெயர் சூட்டினார்.

ஆலையும் நகரும் எழுந்த நிலம் வெறும் காடு இல்லை. அங்கே பழங்குடி மக்களின் கிராமங்கள் இருந்தன. நிலம் போனது, வயல் போனது. நேற்று வரை உழுதவர்களில் பலர் மறுநாள் தாது வெட்டும் கூலிகளானார்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு தொழில் வளரும்போது யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரியும்.

சுத்தியலைவிடக் கல்வியை நம்பியவர்

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, அதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்பது பிரமதநாத்தின் கருத்து. அரசுப் பணியில் இருந்தபோதே, 1886ஆம் ஆண்டு, வங்காளத்தில் தொழில்நுட்பக் கல்வி வேண்டும் என்று சிறுநூல் எழுதினார். எழுத்தர் வேலைக்கு ஆள் தயாரிக்கும் படிப்பால் நாடு முன்னேறாது என்று வாதாடினார்.

1905ஆம் ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்நியப் பொருளை ஒதுக்கும் இயக்கம் எழுந்தது. நம் பிள்ளைகளுக்கு நாமே பள்ளி நடத்துவோம் என்ற குரலும் கூடவே எழுந்தது. 1906ஆம் ஆண்டு கல்கத்தாவில் வங்காளத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வராகப் பிரமதநாத் போஸ் கௌரவப் பொறுப்பேற்றார். அந்தச் சிறிய கழகம்தான் படிப்படியாக வளர்ந்து இன்று யாதவ்பூர் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

எழுத்திலும் அவர் சளைக்கவில்லை. ஆசியக் கழகத்தின் நூற்றாண்டு மலரில் அறிவியல் பகுதியை அவரே எழுதினார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்து நாகரிகத்தின் வரலாற்றை 1890களில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

பிற்காலத்தில் ராஞ்சியில் குடியேறினார். அங்கே அவர் எழுதிய நூல்களைப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். எஃகு ஆலைக்கு வழிகாட்டியவரே, மேற்கத்திய இயந்திர நாகரிகத்தை அப்படியே நகல் எடுப்பது இந்தியாவுக்கு நல்லதுதானா என்று கேட்கத் தொடங்கியிருந்தார். புதிய இந்தியாவின் மயக்கங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் 1916ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். தேவைகளைப் பெருக்கிக்கொண்டே போவது முன்னேற்றம் ஆகாது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

இளமையில் சொன்னதற்கு இது முரண் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தாம் காட்டிய மலை வெட்டப்படுவதையும், ஒரு கிராமம் புகைபோக்கி நகரமாவதையும் தம் காலத்திலேயே பார்த்தவர் அவர். நன்மை தீமை இரண்டையும் எடை போட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது.

1934ஆம் ஆண்டு பிரமதநாத் போஸ் காலமானார். அவருடைய மகன் மது போஸ் வங்காளத் திரைப்பட உலகில் புகழ்பெற்ற இயக்குநராக விளங்கினார்.

இரண்டு ஆலைகளுக்கு ஒரே நடை

பிரமதநாத் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, சுதந்திர இந்தியாவில், சோவியத் உதவியோடு பிலாய் நகரில் அரசாங்க எஃகு ஆலை எழுந்தது. 1959ஆம் ஆண்டு அது உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலைக்குத் தாது வந்தது தல்லி, ராஜ்ஹரா மலைகளிலிருந்துதான். 1880களில் இளம் அதிகாரியாகப் பிரமதநாத் நடந்து பார்த்து எழுதி வைத்த அதே மலைகள். டாடா நிறுவனம் நீரும் நிலக்கரியும் இல்லை என்று விட்டுச் சென்ற இடம், காலம் மாறியதும் பயன்பட்டது. ஒரு மனிதர் கால்நடையாகத் தேடிய தாதுவில் இரண்டு பெரிய ஆலைகள் எழுந்தன.

இயக்குநர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவர் கல்கத்தா அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்திருப்பார், மயூர்பஞ்ச் மன்னரின் அழைப்பை ஏற்றிருக்க முடியாது. அதனால் அவருக்கு நடந்த அநீதி நியாயமாகிவிடாது. அது ஒரு திறமையாளருக்குச் சேர வேண்டியதைப் பறித்த செயல்தான். பறிக்கப்பட்டதை எண்ணி உட்கார்ந்து விடாமல் அவர் மறுபடியும் சுத்தியலைத் தூக்கினார் என்பதே அவருடைய பெருமை.

ஜாம்செட்பூரில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அவர் பிறந்த மே 12ஆம் நாள் ஆலையின் சார்பில் அங்கே மாலை அணிவிக்கிறார்கள்.